கோய் குளத்துக்கு வாங்கிய சாமான்கள்: கோண்டாவில் வளவிலிருந்து ஒரு மதிப்பீடு

கோய் என்கிற அலங்கார மீனுக்குக் கட்டும் குளத்தில், தண்ணீர் கசியாமல் உள்ளே விரிக்க றப்பர் ஷீற் கேட்டுப் போனேன். "அசல் ஈ.பி.டி.எம். றப்பர், சேர். இருபது வருசத்துக்கு அசையாது" என்று சொல்லித்தான் கடைக்காரத் தம்பி கையளவு மாதிரித் துண்டொன்றை வெட்டித் தந்தார். வீட்டுக்கு வந்து சன்னலைத் திறந்து வைத்துவிட்டு, பழைய வயர் ஒன்றைச் சீவிச் செம்புக் கம்பியை எடுத்தேன். காஸ் அடுப்புச் சுவாலையில் அது நிறமில்லாமல் எரியும்வரை சுட்டு, அந்தத் துண்டில் ஒருக்கால் தொட்டு, திரும்பச் சுவாலைக்குள் பிடித்தேன். பச்சை. நல்ல கிளிப்பச்சை. குளோரீன் இருக்கிறது என்று அர்த்தம், ஈ.பி.டி.எம். என்கிற செயற்கை றப்பரில் குளோரீன் இல்லை. தம்பி தந்தது பி.வி.சி. ஷீற்.

கடையின் பெயர் வேண்டாம். அந்தத் தம்பிக்கே தெரிந்திருக்காது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். கறுப்பாய், வளைகிற மாதிரி இருந்தால் எல்லாம் றப்பர்தான் எங்கள் ஊரில். முப்பத்தொரு வருசம் பாடசாலை ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தவனிடம் அவர் மாட்டுப்பட்டது அவருடைய கெட்ட காலம்.

குளத்தின் அளவைச் சொல்லிவிடுகிறேன். 20 அடி நீளம், 12 அடி அகலம், 5 அடி ஆழம். 1,200 கன அடி, கிட்டத்தட்ட 34,000 லீற்றர். கோய் காப் ஒன்றுக்கு ஆயிரம் லீற்றராவது வேண்டும் என்பது வளர்க்கிறவர்கள் வைத்திருக்கும் கணக்கு. என்னிடம் இருப்பவை பதினெட்டு. "இவ்வளவு தண்ணிக்கு இவ்வளவு மீன்தானோ?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள். இப்போது சாண் அளவில் இருக்கும் மீன் இரண்டடிக்கு வளரும் என்றால் நம்பமாட்டார்கள்.

இதற்கு முன் கிணற்றடியில் எட்டடித் தொட்டியொன்று கட்டினேன். வெறும் சீமெந்துப் பூச்சு. புதுத்தொட்டிக்கு வாழைக்குற்றி வெட்டிப் போட்டு ஊறவிட்டுத் தண்ணீர் மாற்ற வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் போட்டேன், ஒரே ஒரு தரம். பத்தாம் நாள் மீன் விட்டேன், பன்னிரண்டாம் நாள் மூன்று மிதந்தன. அதற்குப் பிறகுதான் பி.எச். தாளை நனைத்துப் பார்த்தேன், கடுநீலம், அதாவது கடும் காரம். புதுச் சீமெந்திலிருந்து கல்சியம் ஐதரொட்சைட்டு கிழமைக்கணக்காகக் கசிந்துகொண்டிருக்கும். வாழைக்குற்றி அழுகும்போது வரும் அமிலம் கொஞ்சம் உதவும்தான், ஆனால் திரும்பத் திரும்ப நிரப்பி இறைக்காமல் அது தீராது. ஆய்வுகூடத்தில் வேலை செய்த மனிசன் பி.எச். பார்க்க மறந்த கதையை என் மனைவி கலியாண வீடுகளில் சொல்லிக்கொண்டிருக்கிறா.

பெரிய குளத்துக்கு 2022இல் திட்டம் போட்டேன். அந்த வருசம் சீமெந்து விலை போன போக்கில் திட்டத்தை மடித்து வைத்துவிட்டு, அடுத்த வருசம் கிண்டத் தொடங்கினோம். மூன்றடி வரைக்கும் செம்பாட்டு மண், வெண்ணெய் மாதிரி வந்தது. அதற்குக் கீழே கல். யாழ்ப்பாணத்தில் எங்கே தோண்டினாலும் கடைசியில் சுண்ணாம்புக்கல்லில்தான் போய் நிற்க வேண்டும், அது மூன்றடியிலா பத்தடியிலா என்பதுதான் வித்தியாசம். பிரேக்கர் பிடித்து உடைக்கலாமா என்று மேசன் அண்ணையைக் கேட்டேன். "உடைக்கலாம் சேர், ஆனா உந்தக் கல்லுக்குள்ள எந்த ஓட்டை எங்க போகுதெண்டு ஆருக்குத் தெரியும்" என்றார். அது சரியான பேச்சு. மூன்றடி நிலத்துக்குள், இரண்டடி நிலத்துக்கு மேல் என்று முடிவெடுத்தோம். மேலே எழுந்த இரண்டடிச் சுவரால் இன்னொரு நன்மை: ஐப்பசி, கார்த்திகை மழையில் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓடிவரும் தண்ணீர், அதோடு வரும் பூச்சிமருந்து, உரம் எதுவும் குளத்துக்குள் வராது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நல்லூர் யமுனா ஏரியையும் கோயில் கேணிகளையும் காட்டி, "அந்தக் காலத்தில் வெறும் கல்லாலேதானே கட்டினார்கள், தண்ணீர் நிற்கவில்லையா" என்று கேட்கிறவர்கள் உண்டு. அந்தக் கேணிகளில் நிற்பது பெரும்பாலும் நிலத்தடித் தண்ணீர். மாரியில் ஏறும், கோடையில் இறங்கும். கோய் குளம் அதற்கு நேர்மாறு. உள்ளே இருப்பது வெளியே போகக்கூடாது, வெளியே இருப்பது உள்ளே வரக்கூடாது.

சுவருக்கு ஆறங்குலச் சீமெந்துக் கல். கல்லரிகிற இடங்கள் மூன்றைப் போய்ப் பார்த்தேன். இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் கிண்ணென்று கேட்க வேண்டும். ஆணியால் கீறினால் மாவாகக் கொட்டக்கூடாது. இது மேசன்மாருக்கே தெரியும். அவர்கள் பார்க்காதது உப்பு. கடற்கரைப் பக்கத்து மணலில் அரிந்த கல்லும், அதே மணலில் போட்ட கொங்கிறீற்றும் உள்ளே இருக்கும் கம்பியைக் கறள் பிடிக்க வைத்துவிடும். கறள் ஏறினால் கம்பி ஊதி கொங்கிறீற்றைப் பிளக்கும். இரண்டு இடத்து மணலில் ஒவ்வொரு தேக்கரண்டி எடுத்து, பற்றரிக்கு விடுகிற காய்ச்சி வடித்த தண்ணீரில் கலக்கி, தெளியவிட்டு, சில்வர் நைத்திரேற்று இரண்டு சொட்டு விட்டேன். உப்பின் குளோரைட்டு இருந்தால் வெள்ளையாகத் திரளும். (கிணற்றுத் தண்ணீரில் செய்யாதீர்கள், அதிலேயே குளோரைட்டு இருக்கிறது.) ஒரு கிளாஸ் பால் மாதிரித் திரண்டது. மற்றது இலேசாகப் புகைத்தது, அவ்வளவுதான். இரண்டாவதைச் சொல்லி லொறி அனுப்பினேன். பால் மாதிரித் திரண்ட மணல்காரர் கிளாஸை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கழுவித் தரட்டோ சேர்?" என்றார். நல்ல மனிசன்தான். கருங்கல் சல்லி வழமைபோல வன்னியிலிருந்து வந்தது. குடாநாட்டுக்குள் கருங்கல் ஏது.

சரி, தண்ணீரை எதால் தடுப்பது? நான் விசாரித்தவை நான்கு.

முதலாவது, சீமெந்துப் பூச்சுக்கு மேல் அடிக்கிற இரண்டு கலவை இரசாயனப் பூச்சு. தூளையும் பாலையும் கலந்து இரண்டு தரம் அடிப்பது. மயிர் வெடிப்பைத் தாங்கும், அதற்குமேல் தாங்காது. தண்ணீர்த் தொட்டிக்கு நான் தயங்காமல் சொல்வேன். இருபதடி நீளச் சுவருக்கு, பாதி கல்லிலும் பாதி மண்ணிலும் இருக்கிற அத்திவாரத்துக்கு, எனக்குத் துணிவு வரவில்லை.

இரண்டாவது பைபர். மீன்பிடிப் படகுக்கு பைபர் அடிக்கிற கைதேர்ந்த ஆட்கள் எங்கள் கரையோரத்தில் இருக்கிறார்கள். ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் சுவரில் உள்ளங்கையை வைத்து, "ஈரம் இருக்கு, ஒரு மாசம் காயவிடுங்கோ, இல்லாட்டி உரிஞ்சு வரும்" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டார். வேலையைப் பிடிக்கப் பொய் சொல்லாத ஆள். எனக்குக் காலம் இருந்திருந்தால் இதைத்தான் செய்திருப்பேன். மடிப்பே இல்லாத உட்புறம் மீனுக்கும் நல்லது, கழுவுகிறவனுக்கும் நல்லது. ஆனால் ஆவணி பிறந்துவிட்டது, மழைக்கு முன் குளம் நிரம்பியாக வேண்டும்.

மூன்றாவது எச்.டி.பி.ஈ. என்கிற பிளாஸ்ரிக் ஷீற், இறால் பண்ணைகளில் போடுவது. உறுதி, மலிவும்கூட. ஆனால் கடதாசி மட்டைபோல விறைப்பு. சரிவாக வெட்டிய பெரிய மண் குளத்துக்குப் பொருத்தம். செங்குத்துச் சுவரும் நான்கு மூலையும் உள்ள தொட்டிக்கு, வந்து சூடுகாட்டி ஒட்டித்தர ஆள் வேண்டும். அந்த ஆளை நான் தேடிக்கொண்டே இருந்தேன்.

அப்படி நான்காவதில் வந்து நின்றேன்: ஒரு மில்லிமீற்றர் ஈ.பி.டி.எம். கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். இந்த முறை மாதிரித் துண்டைத் தபாலில் வாங்கிக் கம்பிச் சோதனை செய்தேன், பச்சை இல்லை. கூரைக்கென்று விற்கும் ஈ.பி.டி.எம்மும் இருக்கிறது. மீன் குளத்துக்கு என்று தாளில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அளவுக் கணக்கு லேசானது: நீளத்தோடு ஆழத்தை இரண்டு தரம் கூட்டி, விளிம்புக்குப் பக்கத்துக்கு ஒரு அடி. எனக்கு 32க்கு 24 அடி. 90 கிலோவுக்குக் கிட்ட வரும். லொறியிலிருந்து இறக்க நாலு பேர், விரிக்க ஆறு பேர். காலை ஏழு மணிக்கே விரிக்கத் தொடங்கினோம். இல்லாவிட்டால் வெயிலில் கால் வைக்க முடியாது.

ஷீற்றைக் கல் குத்தாமல் இருக்க, அதற்குக் கீழே ஜியோ துணி என்கிற தடித்த செயற்கைத் துணி. பழைய சாக்கு போதும் என்றார்கள். சாக்கு ஒரு மாரியில் உக்கிவிடும்.

எல்லாவற்றிலும் நான் அதிகம் சண்டை பிடித்தது அடிவடிகாலுக்கு. குளத்தின் நடுவில், தரைக் கொங்கிறீற் போடமுன் புதைக்கிற நாலங்குல பி.வி.சி. பைப். மேசன் அண்ணைக்கு அது பிடிக்கவே இல்லை. "தண்ணி நிக்கோணும் எண்டுறியள், பிறகு நீங்களே அடியில ஓட்டை வைக்கிறியள்" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் கோய் என்பது அடியைக் கிளறித் தின்று, தின்றதைவிடக் கூடுதலாகக் கழிக்கிற மீன். கழிவு நடுவுக்கு உருண்டு வந்து, வால்வைத் திறந்தவுடன் போக வேண்டும். ஷீற்றை வெட்டி வளையம் வைத்துத் திருகாணி இறுக்குகிற இடத்தில் மட்டும் நானே இறங்கி, முழங்காலில் இருந்து செய்தேன். இன்றுவரை ஒரு சொட்டு கசியவில்லை. வால்வைத் திறக்கிற ஒவ்வொரு காலையும் அந்தப் பைப்புக்குக் கொடுத்த காசு எனக்குத் திரும்பி வருகிறது.

இன்னொரு சின்னச் செலவு: தரைக்குக் கீழே சல்லிப் படுக்கையும், மூலையில் அதிலிருந்து மேலே வரும் இரண்டங்குலப் பைப்பும். மார்கழியில் நிலத்தடித் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அதற்குள் கயிறு விட்டுப் பார்க்கலாம். முதல் மாரியில் நிலமட்டத்திலிருந்து நாலடிக்கு வந்து நின்றது, என் தரைக்குக் கீழே ஒரு அடிதான் மிச்சம். அதைத் தாண்டி ஏறினால், கீழிருந்து வரும் தண்ணீர் ஷீற்றைப் பலூன் மாதிரித் தூக்கும். குளம் நிரம்பியிருந்தால் உள்ளே இருக்கிற பாரம் அமத்திப் பிடிக்கும். ஆகவே மார்கழியில் குளத்தை வெறுமையாக்கிக் கழுவுகிற எண்ணம் யாருக்கும் வேண்டாம்.

நிரப்ப மூன்று நாள் எடுத்தேன். ஒரே மூச்சில் 34,000 லீற்றர் இறைத்தால் கிணறு உவராகும் பயம். கசிவைப் பார்க்க, ஒரு வாளியில் தண்ணீர் விட்டுக் குளத்தின் படியில் வைத்து, இரண்டிலும் மட்டத்தைக் குறித்தேன். வாளியில் குறைகிற அளவே குளத்திலும் குறைந்தால் அது வெயில் குடித்தது. என் குளத்தில் அரை அங்குலம் கூடுதலாகக் குறைந்தால் நாளுக்கு 280 லீற்றர் போகிறது என்று அர்த்தம். இரண்டும் ஒன்றாகவே குறைந்தன.

இரண்டு மாரி போய்விட்டது. குறை இல்லையா என்றால், இருக்கிறது. மூலைகளில் ஷீற் மடிந்த இடத்தில் அழுக்குத் தங்குகிறது. தூரிகை கட்டிய தடியால் கிழமைக்கொருக்கால் கிண்ட வேண்டும். கறுப்பு நிறம் சித்திரை வெயிலை இழுக்கிறது, தண்ணீர் சூடேற ஒட்சிசன் குறையும், மீன் மேலே வந்து வாய் பிளக்கும். பாதிக் குளத்துக்கு நிழல்வலை போட்டு, காற்றுப் பம்பை இரவும் ஓடவிட்ட பிறகு சரி. ஒருநாள் மேசன் அண்ணையின் கரண்டி விழுந்து விளிம்பில் ஒரு அங்குலம் வெட்டியது. சைக்கிள் ரியூப் ஒட்டுகிற பசையால் ஒட்டினேன், மறுநாள் உரிந்து வந்தது. ஈ.பி.டி.எம்முக்கென்று வரும் ஒட்டுநாடாதான் நின்றது. ஷீற் வாங்கும்போதே அதையும் கேட்டு வாங்குங்கள். தனியே எடுப்பிக்க எனக்குப் பதினெட்டு நாள் ஆனது.

விளிம்புக்கு அலங்காரக் கல் பதிக்க உள்ளூர்க் கல்லையே எடுத்தேன். தேசிக்காய் பிழிந்தால் நுரைக்கிற சுண்ணாம்புக்கல்தான். கோய் வன்தண்ணீருக்குப் பயப்படாது, எங்கள் கிணற்றுத் தண்ணீரே அப்படித்தானே. கூர் முனையை மட்டும் அரத்தால் தேய்த்துவிட்டேன்.

ஷீற்றில் ஆறடிக்கு இரண்டடித் துண்டு மிஞ்சியது. ஒட்டுப்போட வைத்திருக்கிறேன் என்று மூன்று தரம் சொல்லிவிட்டேன். அது ஆட்டுக்கொட்டிலின் மழைப் பக்கத்துக்கு நல்ல அளவு என்று மனைவி நாலாந்தரம் சொல்லியிருக்கிறா.