வாய் வெண்படலம்: தடவும் மருந்தா, விழுங்கும் மாத்திரையா?

எச்.ஐ.வி. உள்ளவர்களின் வாயில் வரும் பூஞ்சைத் தொற்றுக்கு நம் பக்கத்தில் பெரும்பாலும் எழுதித் தரப்படுபவை இரண்டு: தடவிக்கொள்ளும் குளோட்ரிமசோல் பெயிண்ட், விழுங்கும் ஃப்ளுகோனசோல் மாத்திரை. ஏற்காட்டில் விடிந்ததும் காப்பிப் பழம் பறிக்கப் போய், பொழுது சாய்ந்து லைன் வீட்டுக்குத் திரும்பும் ஒரு பெண்ணை மனத்தில் வைத்தே இவற்றை ஒப்பிடுகிறேன்.

கேண்டிடா என்னும் இந்தப் பூஞ்சை பலருடைய வாயில் இயல்பாகவே இருப்பதுதான், நோய் எதிர்ப்புக்கு உதவும் சி.டி.4 என்னும் வெள்ளணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 200-க்குக் கீழே இறங்கும்போது அது கட்டுமீறிப் பெருகுகிறது. நாக்கிலும் அண்ணத்திலும் திரிந்த பால் ஒட்டியதுபோல் படலம் தெரியும். பஞ்சால் துடைத்தால் பெயர்ந்து வந்து, அடியில் சிவந்த சதை தெரியும், சில இடங்களில் இரத்தமும் கசியும். நாக்கின் ஓரத்தில் எவ்வளவு துடைத்தும் போகாத வெள்ளை வரிகள் இருந்தால், அது பெரும்பாலும் எப்ஸ்டீன்-பார் வைரஸ் உண்டாக்கும் வேறொரு மாற்றம். அதற்கு இந்த இரண்டு மருந்துகளுமே உதவா.

பெயிண்டின் பெரிய பலம், அது வாயோடு நின்றுவிடுவது. இரத்தத்தில் மிகக் குறைவாகவே கலப்பதால் கர்ப்பத்தின் முதல் மாதங்களில் இருப்பவருக்கும், கல்லீரல் கோளாறு உள்ளவருக்கும், இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மருந்து எடுப்பவருக்கும் அதுவே பொருத்தம். ஆனால் சாப்பாட்டுக்குப் பிறகு வாய் கொப்பளித்து, நாளைக்கு மூன்று நான்கு முறை தடவி, அரை மணி நேரமாவது தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்க வேண்டும். தோட்டத்துச் சரிவில், உடன் வேலை செய்பவர்கள் பார்த்திருக்க, இடுப்பிலிருந்து சிறு குப்பியை எடுத்து நாக்கில் தடவுவது எளிதன்று, "அது என்ன மருந்து?" என்ற கேள்வி உடனே வரும். வாயில் விட்டுக்கொள்ளும் மற்றொரு பூஞ்சை மருந்தான நிஸ்டாட்டின் திரவத்துக்கும் இதே சிக்கல்தான். அதில் சர்க்கரையும் சேர்ந்திருப்பதால் பல் சொத்தைக்கும் இடமுண்டு. வாயெல்லாம் ஊதாவாக்கும் ஜென்சியன் வயலட் என்னும் சாய மருந்து நோயை ஊருக்கே காட்டிக்கொடுப்பது. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மாத்திரை நாளுக்கு ஒரு முறைதான்: 100 முதல் 200 மில்லிகிராம், 7 முதல் 14 நாள்கள். இரவில் எச்.ஐ.வி. மாத்திரையோடு சேர்த்தே விழுங்கலாம். இப்போது பரவலாகத் தரப்படும் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் கூட்டு மாத்திரையோடு அது மோதுவதில்லை. பெயிண்டைவிட இதில் தொற்று மீண்டும் தலைகாட்டவும் நாளாகிறது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கு மட்டும் இதன் அளவு இரத்தத்தில் குறையும் என்பதால், மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.

என்னை மிகவும் வருத்துவது, மருந்துக் கடையில் 150 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு, படலம் சற்றுக் குறைந்ததும் நிறுத்திவிடும் வழக்கம். தான்சானியாவில் நடந்து 2008-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒரே வேளையில் கொடுத்த 750 மில்லிகிராம், 14 நாள் சிகிச்சைக்கு இணையாகவே பலன் தந்தது. அது ஐந்து மாத்திரைகளின் அளவு, மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. ஒற்றை மாத்திரை அதற்கு ஈடாகாது. இப்படி அரைகுறையாகப் பலமுறை எடுப்பவர்களிடம், அதிலும் சி.டி.4 மிகக் குறைந்தவர்களிடம், மருந்துக்கு அடங்காத பூஞ்சை உருவாகிறது.

விழுங்கும்போது நெஞ்சுக்குள் வலித்தால் ஒப்பீட்டுக்கே இடமில்லை. தொற்று உணவுக்குழாய்க்கு இறங்கியிருக்கக்கூடும். பெயிண்ட் அங்கே எட்டாது, மாத்திரையே 14 முதல் 21 நாள்கள் வேண்டும்.

ஆகவே முதன்முறையாக, இலேசாக வந்தவருக்கும் கர்ப்பிணிக்கும் பெயிண்ட். மலையில் கூலி வேலை செய்யும் மற்றவர்களுக்கு மாத்திரை என்பதே என் தேர்வு. எதுவானாலும் எச்.ஐ.வி. கூட்டு மருந்து நின்றுபோனால் படலம் திரும்பவே செய்யும். 2004 முதல் அரசு இலவசமாகத் தரும் அந்த மருந்துக்காக 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கு வரும் நாளிலேயே, அவர் வாயைத் திறந்து காட்டி, பூஞ்சை மாத்திரையையும் முழுத் தவணைக்கும் கையோடு வாங்கிச் செல்ல வேண்டும். பாதி மருந்துக்காக இன்னொரு நாள் கூலியை இழந்து மீண்டும் மலையிறங்க அவரால் இயலாது.