வீட்டுக்கு வருபவர் யார்: ஆஷாவா, அங்கன்வாடி டீச்சரா?

பிள்ளை பிறந்த வீட்டுக்கு அரசு இரண்டு பேரை அனுப்புகிறது. 2011-இல் தொடங்கிய பச்சிளங்குழந்தை வீட்டுப் பராமரிப்புத் திட்டத்தில் ஆஷா எனப்படும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர் வருவார். அங்கன்வாடி டீச்சரும் வருவார். இருவரும் ஒரே வேலைக்கு வருவதாக நினைத்தால் இருவரிடமும் ஏமாற்றம்தான்.

முதல் 42 நாளுக்கு ஆஷாதான். ஆஸ்பத்திரிப் பிரசவம் என்றால் 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் ஆறு முறை; வீட்டுப் பிரசவம் என்றால் முதல் நாளையும் சேர்த்து ஏழு. பையில் தொங்கு தராசு, தெர்மாமீட்டர், கடிகாரம் இருக்கும். காலித் தூளித்துணியைத் தராசில் மாட்டி, முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்பிய பிறகே குழந்தையை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் துணியின் எடையும் கணக்கில் ஏறி, இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த பிள்ளை தேறிய பிள்ளையாகிவிடும். மூச்சை முழு நிமிடம் எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரட்டித்தால் கணக்குத் தப்பாகும். பச்சைக்குழந்தைக்கு மூச்சு சீராக இராது. 60 அல்லது அதற்கு மேல் வந்தால் மறுபடி எண்ணி, அப்போதும் குறையாவிட்டால் உடனே ஆஸ்பத்திரி.

மூன்றாம் நாள் எடை பிறந்தபோது இருந்ததைவிடக் குறைவாகத்தான் காட்டும். பத்து சதவீதம் வரை இறங்கி, இரண்டு வாரத்துக்குள் மீண்டுவிடும். இதைச் சொல்லாமல் போனால் அன்று மாலையே பாட்டி பால்பவுடர் டப்பாவைத் திறந்துவிடுவார்.

அதன்பின் 2018-இல் வந்த திட்டப்படி 3, 6, 9, 12, 15-ஆம் மாதங்களில்தான் ஆஷா வருகை. மூன்று மாத இடைவெளியில் ஒரு பிள்ளை நன்றாகவே இளைத்துவிடும். இங்கே அங்கன்வாடி டீச்சர் மேல். பக்கத்திலேயே மையம், மாதாமாதம் எடை, ஆறு மாதம் முதல் சத்துமாவு. மேல்கையின் சுற்றளவு நாடாவில் 11.5 செ.மீ.க்குக் கீழே போனால் சிவப்பு, கடும் ஊட்டச்சத்துக் குறைவு. ஆனால் பிறந்த வாரத்தில் மூச்சு எண்ண அவரை நம்பியிருக்க முடியாது. மாவும் பல வீடுகளில் எல்லோருக்கும் கஞ்சியாகிவிடுகிறது.

தமிழ்நாட்டில் ஆஷாக்கள் பெரும்பாலும் மலை, பழங்குடிப் பகுதிகளில்தான். மற்ற ஊர்களில் அந்த வேலை கிராம சுகாதாரச் செவிலியர் தலையில். சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு அவர் பணிபுரியும் துணை சுகாதார நிலையம் ஒன்று என்பதுதான் கணக்கு. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனால் பதிவு ஓர் ஊரில், பிள்ளை இன்னோர் ஊரில். வருகை விடுபடுவது இங்கேதான். ஒன்பதாம் மாதமே இரு ஊர் நர்ஸம்மாவிடமும் சொல்லிவிட்டு, தாய் சேய் அட்டையைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.