கார்மின் 78எஸ்: ஃபைபர் போட்டுக்குச் சரி, லாஞ்சுக்கு வேற பெட்டி பாருங்க

காசிமேட்டிலிருந்து விடியலுக்கு முன் கிளம்பி மதியத்துக்குள் கரை சேருகிற ஃபைபர் போட்டுக்கு கார்மின் ஜிபிஎஸ்மேப் 78எஸ் என்கிற கையடக்க ஜிபிஎஸ் பெட்டி தாராளமாகப் போதும். தங்கல், அதாவது நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போகிற லாஞ்சு எனும் விசைப்படகுக்கு அதையே முதல் பெட்டியாக வைப்பது தப்பு. அங்கே அது ஸ்பேராக டிராயரில் இருக்கலாம், அவ்வளவுதான். இரண்டுக்கும் ஏன் இந்த வித்தியாசம் என்பது பெட்டியைவிட வயரிலும் ஆன்டெனாவிலும் அடங்கியிருக்கிறது.

முதலில் பெட்டி. திரை 2.6 அங்குலம், 160க்கு 240 புள்ளி. செல்போன் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது ரொம்பச் சின்னது, மங்கலானதும்கூட. ஆனால் உச்சி வெயிலில் செல்போன் திரை கறுத்துப்போகும்போது இது இன்னும் தெளிவாகத் தெரியும், ஏனென்றால் வெயில் வெளிச்சத்தையே திருப்பி அனுப்பிக் காட்டுகிற வகைத் திரை. டச் கிடையாது, எல்லாம் பட்டன். உப்புத் தண்ணியும் மீன் வழவழப்பும் பட்ட விரலுக்கு டச் திரை ஒத்துவராது என்பதால் இது குறையல்ல. பட்டன்கள் திரைக்கு மேலே இருக்கின்றன. அடியைப் பிடித்தபடி கட்டைவிரலால் அழுத்த முதலில் கொஞ்சம் இடறும், பழகிவிடும்.

இரண்டு பட்டனை மட்டும் போட்டில் வருகிற எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். என்டரை அழுத்திப் பிடித்தால் நிற்கிற இடம் பாயிண்டாகப் பதியும். ஃபைண்டை அழுத்திப் பிடித்தால் ‘ஆள் விழுந்தான்’ பாயிண்ட் பதிந்து, அதற்குத் திரும்பும் வழியையும் காட்டும். ஆள் விழுந்த நேரத்தில் மெனுவுக்குள் போய்த் தேட யாருக்கும் கை நிற்காது.

பெட்டி தண்ணியில் மிதக்கும். ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் தரம் ஐபிஎக்ஸ்7. பின்னால் இருக்கிற ரப்பர் மூடி ஒழுங்காக உட்கார்ந்திருந்தால்தான் இந்தக் கணக்கு. மினி யூஎஸ்பி வயரைச் செருகிவிட்டு மூடியைத் திறந்தே வைத்தால் ஒரு அலைத் தெறிப்பு போதும், உள்ளே பச்சை பூக்க.

பெயரில் இருக்கும் எஸ் எழுத்துக்கு அர்த்தம், மின்னணு திசைகாட்டியும் காற்றழுத்தமானியும் சேர்ந்து வருகிறது என்பது. திசைகாட்டிக்காகக் கூடுதல் காசு கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம். ஜிபிஎஸ் தானாகத் திசை சொல்வதில்லை. நகர்ந்த பிறகு எந்தப் பக்கம் நகர்ந்தோம் என்று கணக்குப் போட்டுத்தான் சொல்கிறது. வலை போட்டு நிற்கும்போதோ ஒரு நாட் வேகத்தில் ஊரும்போதோ அந்த அம்புக்குறி பைத்தியம் பிடித்தாற்போல் சுற்றும். திசைகாட்டி இருந்தால் நிற்கும்போதும் வடக்கு வடக்காகவே இருக்கும். ஆனால் செல் மாற்றும்போதெல்லாம் காலிபரேட் செய்யவேண்டும், அதையும் இன்ஜின், நங்கூரம், ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்துச் செய்யக்கூடாது. காற்றழுத்தமானியை யாரும் பார்ப்பதில்லை.

செல் இரண்டு, ஏஏ அளவு. கம்பெனிக் கணக்கு 20 மணி நேரம். பேக்லைட்டை முழுதாக வைத்து, திசைகாட்டியும் ஓடினால் அது வராது. ரீசார்ஜ் செல் போட்டால் சிஸ்டம் செட்டிங்கில் செல் வகையை நிக்கல் மெட்டல் (NiMH) என்று மாற்றுங்கள். சாதாரண ஆல்கலைன் செல் 1.5 வோல்ட்டில் தொடங்கும், ரீசார்ஜ் செல் 1.2-லேயே நிற்கும். மாற்றாவிட்டால் நிறைந்திருக்கிற செல்லைப் பாதி என்று காட்டும். இன்னொன்று, மினி யூஎஸ்பியில் கரன்ட் கொடுத்தால் பெட்டி ஓடுமே தவிர உள்ளே இருக்கும் செல் சார்ஜ் ஆகாது. ‘ராத்திரி முழுக்கச் செருகி வைத்தேன், காலையில் செத்துக் கிடக்கிறது’ என்று பெட்டியைத் திட்டுவதில் நியாயமில்லை.

இனி செட்டிங். இந்தப் பெட்டியைத் திட்டுகிறவர்களில் முக்கால்வாசிப் பேரின் வழக்கு இங்கேதான் இருக்கிறது.

பெட்டி வரும்போதே பொசிஷன் ஃபார்மட் ‘டிகிரி, நிமிடம், நிமிடத்தின் தசமம்’ என்று இருக்கும். ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ், மீன் கூடும் இடங்களைச் சொல்லி வெளியிடும் மீன்வளப் பகுதித் தகவலில் எண்கள் டிகிரி, நிமிடம், நொடி என்று வரும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும், அதுதான் வம்பு. காசிமேட்டுப் பக்கம் அட்சரேகை 13 டிகிரி 7 நிமிடத்தை ஒட்டியது. தகவலில் 13-07-50 என்று இருப்பதைப் பெட்டியில் 13 டிகிரி 07.50 என்று அடித்தால் அது 7 நிமிடம் 30 நொடி. இருபது நொடி வித்தியாசம் கடலில் 600 மீட்டருக்கு மேல். தீர்க்கரேகையிலும் அதே தப்பைச் செய்தால் பிழை இன்னும் பெருகும். மீன் கூடும் கடலடிப் பாறைத் திட்டான பாரைத் தேடிப் போகிறவருக்கு 600 மீட்டர் என்றால் வெறும் மணல்தான். தகவல் எந்த வடிவத்தில் வருகிறதோ, பெட்டியையும் அதற்கே மாற்றிவிட்டு அடியுங்கள். பெட்டி தானாகப் பழைய பாயிண்டுகளையும் அந்த வடிவத்தில் காட்டும், எதுவும் அழியாது. அதே தகவலில் தூரம் கிலோமீட்டரில் இருக்கும். பெட்டியை நாட்டிக்கல் மைலில் வைத்திருப்பவர் 1.852 ஆல் வகுக்கவேண்டும்: 20 கிலோமீட்டர் என்றால் 10.8 மைல்.

மேப் டேட்டம், அதாவது பூமியை எந்தக் கணக்கில் அளந்து எண் போடுவது என்கிற செட்டிங், ‘டபிள்யூஜிஎஸ் 84’ தவிர வேறெதுவாகவும் இருக்கக்கூடாது. பட்டியலில் ‘இந்தியன்’ என்று தொடங்கும் பெயர்களும் உண்டு. நம்ம ஊர் என்று நினைத்து அதைத் தேர்ந்தெடுத்தால் எல்லாப் பாயிண்டும் சில நூறு மீட்டர் ஒருபக்கமாக நகர்ந்து நிற்கும். வடக்கு விஷயத்தில் மண்டையை உடைக்கவேண்டாம். சென்னைக் கடலில் உண்மை வடக்குக்கும் காந்த வடக்குக்கும் வித்தியாசம் ஓரிரு டிகிரிதான். போட்டில் இருக்கும் காம்பஸ் எதைக் காட்டுகிறதோ அதையே பெட்டியிலும் வைத்துக்கொண்டால் போதும்.

ஜிபிஎஸ் மோடு நார்மலில் இருக்கட்டும். பக்கத்திலேயே டெமோ என்று ஒன்று இருக்கிறது. கடைக்காரர் காட்டிவிட்டு மாற்ற மறந்தால் பெட்டி சாட்டிலைட் பிடிக்காமலேயே பொய்க் கணக்கு காட்டிக்கொண்டிருக்கும்.

2,000 பாயிண்ட் வரை பதியலாம். ஆனால் முதலில் போடவேண்டிய பாயிண்ட் ஜெட்டி அல்ல. துறைமுக வாய்க்கு வெளியே, அரை மைல் தள்ளி, எந்தப் பக்கத்திலிருந்தும் இடைஞ்சல் இல்லாமல் வரக்கூடிய இடத்தில் ஒன்று போடுங்கள். திரும்பும்போது அதற்குத்தான் ‘கோ’ கொடுக்கவேண்டும். பெட்டிக்குத் தெரிந்தது நேர்கோடு மட்டும். எண்ணூர்ப் பக்கத்திலிருந்து ஜெட்டிக்கு நேர்கோடு போட்டால் அந்தக் கோடு ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் இடையே வரிசையாகக் கொட்டியிருக்கிற தூண்டில் வளைவுக் கற்கள் மேலேயே போகலாம். உள்ளே இருக்கிற உலக வரைபடம் மேலோட்டமானது. அதில் கரை எங்கே, கல் எங்கே என்று பார்த்து நம்பவே கூடாது. துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலும் அதில் வராது. வாய்ப் பாயிண்டுக்கு வந்ததும் பெட்டியை விட்டுக் கண்ணுக்கு மாறிவிடுங்கள்.

ஃபைபர் போட்டில் பொருத்துவது எளிது, ஆனால் இடம் முக்கியம். ஃபைபர், தார்ப்பாய் எல்லாம் சிக்னலை அவ்வளவாகத் தடுக்காது. தகரமும் ஈரமான வலைக் குவியலும் தடுக்கும், மனுஷ உடம்பும் அப்படித்தான். இன்ஜினுக்கு நேர் மேலே வைத்தால் அதிர்வில் செல் முனை ஒரு நொடி விலகும், பெட்டி அணைந்துவிடும். பெட்டி பழுது என்று கடைக்கு எடுத்துப் போவதற்கு முன் செல் முனைகளைத் துடைத்து, ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இழுத்துவிட்டுப் பாருங்கள். ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு துண்டு ரப்பர் ஷீட், பெட்டிக்கு ஒரு கயிறு. மிதக்கிற பெட்டிதான், ஆனால் இருட்டில் மிதப்பதை யார் தேடுவது? 12 வோல்ட் பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுக்காதீர்கள். நடுவில் 5 வோல்ட்டுக்கு இறக்குகிற அடாப்டர் வேண்டும்.

லாஞ்சுக்கு வருவோம். ஐந்தாறு நாள் தங்கலில் பெட்டி இரவும் பகலும் ஓடவேண்டும், வீல் ரூமுக்குள்ளிருந்து பார்க்கவேண்டும். கூரை தகரமோ இரும்போ என்றால் கைப்பெட்டிக்கு உள்ளே சிக்னல் வராது. 78எஸ்ஸில் வெளி ஆன்டெனா செருக ஒரு சின்ன எம்சிஎக்ஸ் துளை உண்டு, ஆனால் அந்த முனை தினமும் ஆட்டம் காண்கிற படகுக்கு ஏற்றதல்ல. இங்கே தனி ஆன்டெனாவோடு வருகிற நிரந்தரப் பெட்டிதான் சரி. ஃபுரூனோவோ கார்மினோ, கீழே சொல்கிற வேலை ஒழுங்காக இருந்தால் எதுவும் ஓடும். வேலை சரியில்லை என்றால் எதுவும் ஓடாது.

காளான் மாதிரி இருக்கும் ஆன்டெனாவை மாஸ்ட் உச்சியில் கட்டவேண்டும் என்பது டிவி ஆன்டெனா காலத்துப் பழக்கம். சாட்டிலைட் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது, நாலு மீட்டர் ஏற்றிக் கட்டி எதுவும் கூடப்போவதில்லை. உயரம் கூடினால் படகு ஆடுகிற ஆட்டத்தில் ஆன்டெனா பக்கவாட்டில் வீசப்படும், பெட்டி அதைப் படகின் வேகமாக எடுத்துக்கொள்ளும். வேகமும் திசையும் நடுங்கும். வானம் நாலு பக்கமும் தெரிகிற அளவுக்கு வீல் ரூம் கூரைக்கு மேல் ஒரு முழம் குழாய் போதும். ரேடார் இருந்தால் அதன் கதிர் போகும் மட்டத்தில் வைக்காதீர்கள். விஎச்எஃப் வயர்லெஸ் ஆன்டெனாவிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளுங்கள். விஎச்எஃப் பேசுவது 156, 157 மெகாஹெர்ட்ஸ். அதன் பத்தாவது மடங்கு ஜிபிஎஸ்ஸின் 1575.42-க்குப் பக்கத்தில் விழும். சோதிப்பது எளிது: சாட்டிலைட் பக்கத்தைத் திறந்து வைத்து, விஎச்எஃப் பேச்சுப் பட்டனை அழுத்துங்கள். சிக்னல் கோடுகள் படுத்துவிட்டால் ஆன்டெனா இடம் மாறவேண்டும். மலிவான எல்இடி விளக்கைப் போட்டும் அணைத்தும் இதேபோல் பாருங்கள். நல்ல பெட்டியைக் கெடுப்பது பல நேரம் அந்த விளக்குதான்.

ஆன்டெனா கேபிளை வெட்டாதீர்கள். மிச்சம் இருந்தால் பெரிய வளையமாகச் சுற்றிக் கட்டி வையுங்கள். கூரையில் துளை போட்டு மேலிருந்து கேபிளை இறக்குவதைவிட, பக்கச் சுவரில் போட்டு, நுழைவதற்கு முன் கேபிள் ஒருமுறை கீழே தொங்கி மேலேறுமாறு விடுங்கள். தண்ணி அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். துளையை எம்-சீல் வைத்து அடைப்பது காசிமேட்டு வழக்கம். அது கல்லாக இறுகி, அதிர்வில் விரிசல் விடும். பாலியூரிதேன் சீலன்ட் வாங்குங்கள். வினிகர் வாடை அடிக்கிற சிலிக்கானைக் கனெக்டர் பக்கமே கொண்டுபோகாதீர்கள், அந்த அமிலம் செம்பை அரிக்கும். கனெக்டர் மேல் தன்னோடு தானே ஒட்டுகிற ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன் மேல் சாதாரண டேப்.

கரன்ட் வயர் தனியாகப் பேட்டரி முனையிலிருந்தே வரட்டும், பேட்டரி முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ். எத்தனை ஆம்பியர் என்பது மேனுவலில் இருக்கும், சின்னப் பெட்டிக்குப் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான். ஹார்ன், விளக்கு, பம்பு எல்லாம் தொங்குகிற வயரில் இதையும் முறுக்கி டேப் சுற்றினால், இன்ஜின் ஸ்டார்ட் அடிக்கும்போதெல்லாம் பெட்டி அணைந்து எரியும். உறுதி செய்ய மல்டிமீட்டரைப் பெட்டி முனையில் வைத்துக்கொண்டு ஒருவரை ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். 12 வோல்ட் சிஸ்டத்தில் முள் 10-க்குக் கீழே இறங்கினால், ஸ்டார்ட்டருக்கு ஒரு பேட்டரி, கருவிகளுக்கு ஒரு பேட்டரி என்று பிரிப்பதைத் தவிர வழியில்லை. வயர் வெள்ளீயம் பூசிய செம்பாக இருந்தால் நல்லது. சாதாரண வீட்டு வயர் உள்ளுக்குள்ளேயே கறுத்துப்போகும், வெளியே பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும்.

மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களில் பொழுது சாய்ந்து சில மணி நேரம் சாட்டிலைட் கோடுகள் ஏறி இறங்கினால் பயப்படவேண்டாம். காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் நம் தலைக்கு மேல் அயனி மண்டலம் அந்த நேரத்தில் கலங்கும். பெட்டியிலோ வயரிலோ தப்பில்லை, தானாகச் சரியாகும்.

பில்லும் வாரண்டி சீட்டும் இல்லாமல் விலை குறைத்துத் தருகிற பெட்டியை விட்டுவிடுங்கள். செகண்ட் ஹேண்ட் என்றால் கடைக்குள் நின்று வாங்காமல் தெருவில் திறந்த வானத்தில் ஆன் செய்யுங்கள். தேதி சரியா பாருங்கள்: 2019 ஏப்ரலில் ஜிபிஎஸ் வார எண் சுழியத்துக்குத் திரும்பியபோது அப்டேட் இல்லாத பழைய பெட்டிகள் பல 1999-க்குப் போய்விட்டன. இடம் சரியாகக் காட்டும், தேதியும் அதை நம்பிப் போடும் சூரிய உதயக் கணக்கும் தப்பாக இருக்கும். எல்லாப் பட்டனையும் ஒருமுறை அழுத்துங்கள், ரப்பர் மூடியை விரலால் மடக்கி வெடிப்பு இருக்கிறதா பாருங்கள்.

நிரந்தரப் பெட்டி பொருத்துவதற்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம் வசதி, போட் கரையில் இருக்கும், எலக்ட்ரீஷியனும் கிடைப்பார். லாஞ்சில் ஸ்பேராகக் கைப்பெட்டி வைத்திருப்பவர் அந்த 61 நாளுக்குச் செல்லைக் கழற்றி வைக்கவேண்டும், இல்லாவிட்டால் கசிந்து முனையைத் தின்றுவிடும். தடை முடிந்து முதல் நாள் ஆன் செய்ததும் கிளம்பிவிடாமல் ஜெட்டியில் திறந்த வெளியில் கால் மணி நேரம் விட்டு வையுங்கள். எல்லாச் சாட்டிலைட்டின் பட்டியலும் ஒருமுறை இறங்க பன்னிரண்டரை நிமிடம் ஆகும்.