ஆன்ஃபீல்டு ஆட்டத்துக்கு டிக்கெட் தேடுகிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

இங்கிலாந்தில் இருக்கும் பிள்ளைகளையோ உறவினரையோ பார்க்கப் போகிறவர்கள், அப்படியே ஒரு பிரீமியர் லீக் கால்பந்து ஆட்டத்தையும் பார்த்துவிட்டு வரலாம் என்று இணையத்தில் டிக்கெட் தேடுவது இப்போது சாதாரணம். தேடினால் மேலே முதலில் வந்து நிற்பது கிளப்பின் தளம் இல்லை. விளம்பரக் காசு கட்டி மேலே ஏறி உட்கார்ந்திருக்கும் மறுவிற்பனைத் தளங்கள்தான். அப்படி ஒரு தளத்தில் இரண்டு டிக்கெட்டுக்கு 610 பவுண்டு, நம் கணக்கில் சுமார் 68,000 ரூபாய் கட்டினேன். 2025 ஏப்ரல் 13 அன்று லிவர்பூல் கிளப்பின் மைதானமான ஆன்ஃபீல்டு வாசல்வரை போய், உள்ளே கால் வைக்க முடியாமல் நானும் என் தங்கை மகனும் திரும்பி வந்தோம்.

தளத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே வேலையை இதே முறையில் செய்யும் தளங்கள் பல இருக்கின்றன. ஒன்றின் பெயரைத் தெரிந்துகொண்டு தப்பித்தால் இன்னொன்றில் மாட்டுவீர்கள். முறையைத் தெரிந்துகொண்டால் எதிலும் மாட்ட மாட்டீர்கள்.

தங்கை மான்செஸ்டரில் நர்ஸாக இருக்கிறாள். குடும்பம் அங்கே போய் அதிக காலம் ஆகவில்லை. அவள் பையனுக்குப் பன்னிரண்டு வயது. யுனைடெட், சிட்டி என்று ஊரே இரண்டாகப் பிரிந்து கிடக்கும் இடத்தில் இருந்துகொண்டு அவன் பிடிவாதமாக லிவர்பூல் ரசிகன். அங்கே ஈஸ்டர் விடுமுறை நேரம் நான் போகிறேன், தாய்மாமன் என்ற முறையில் அவனுக்கு ஒரு ஆட்டம் காட்ட வேண்டும் என்று சென்னையிலிருந்தே டிக்கெட் போட்டேன். எதிரணி வெஸ்ட் ஹாம். ஆர்னே ஸ்லாட் பயிற்சியாளராக வந்த முதல் சீசனிலேயே லிவர்பூல் 20ஆவது லீக் பட்டத்தை எட்டிப் பிடிக்கும் நேரம் அது. ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்புதான் அணியின் நட்சத்திர வீரர் சலா புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். ஊரே கொண்டாட்டத்தில் இருந்தது. இப்படிப்பட்ட நேரத்தைத்தான் இந்த ஆட்கள் குறி வைக்கிறார்கள்.

தளத்தில் இருந்தது இதுதான்: கோப் ஸ்டாண்ட் (கோல் கம்பத்துக்குப் பின்னால், தீவிர ரசிகர்கள் உட்காரும் பகுதி), பக்கத்துப் பக்கத்து இருக்கை, நுழைவுக்கு நூறு சதவீத உத்தரவாதம், இல்லாவிட்டால் முழுப் பணமும் திரும்ப. கிளப் தன் உறுப்பினர்களுக்கு நேரடியாக விற்கும் பொது இருக்கை அந்த சீசனில் பெரும்பாலும் 40 முதல் 60 பவுண்டுக்குள் இருந்தது. இவர்கள் ஒவ்வொன்றையும் 270க்கு மேல் விற்றார்கள். பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் ‘சேவைக் கட்டணம்’ என்று தனியாக ஒரு தொகை ஏறியது.

அப்போது எனக்கு யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நம் ஊர் தியேட்டர் வாசலில் பிளாக்கில் விற்ற டிக்கெட் காகிதம். அதிக விலை கொடுத்தாலும் கையில் வாங்கிவிட்டால் உள்ளே போய்விடலாம். ஆன்ஃபீல்டில் டிக்கெட் என்பது ஒரு உறுப்பினரின் பெயரில், அவர் கணக்கில் இருக்கும் என்.எஃப்.சி பாஸ், அதாவது கருவிக்கு அருகில் போனைக் கொண்டுபோனாலே படிக்கப்படும் மின்னணு அனுமதிச் சீட்டு. செல்போனின் வாலட்டில் ஏற்றிக்கொண்டு, வாசலில் இருக்கும் கருவியில் போனைக் காட்ட வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் கதவு சுழலும். காகிதமும் கிடையாது, பி.டி.எஃப் அச்சிட்டுக் கொண்டுபோவதும் கிடையாது. உறுப்பினர் தன் நண்பர் பட்டியலில் இருக்கும் இன்னொரு பதிவுபெற்றவருக்கு முறைப்படி மாற்றிக் கொடுக்கலாம். மற்றபடி அந்தப் பாஸ் யாருக்கும் சொந்தமாகாது. கிளப் எந்த நிமிடமும் அதை முடக்கலாம். கள்ள விற்பனைக்காக உருவாக்கிய ஆயிரக்கணக்கான போலிக் கணக்குகளை லிவர்பூல் கிளப் ஏற்கெனவே முடக்கியிருக்கிறது. அப்படி முடக்கப்படும்போது பணம் கட்டிய நம்மைப் போன்றவர் வாசலில் நிற்பார், விற்றவர் எங்கோ இருப்பார்.

இன்னொன்று. இங்கிலாந்தில் கால்பந்து டிக்கெட்டை அனுமதி இல்லாமல் விற்பது சட்டப்படி குற்றம். 1994ஆம் ஆண்டின் குற்றவியல் நீதி மற்றும் பொது ஒழுங்குச் சட்டம், 166ஆம் பிரிவு. 2006இல் அதைத் திருத்தி இணைய விற்பனையையும் உள்ளே கொண்டுவந்தார்கள். வாங்குபவர் மேல் இந்தப் பிரிவில் வழக்கு வராது, விற்பவர் மேல்தான். அதனால்தான் இந்தத் தளங்கள் பல, அந்த நாட்டுக்கு வெளியே பதிவு செய்துகொண்டு நடக்கின்றன. கால்பந்துக்கு ஏன் இவ்வளவு கடுமை என்றால், எதிரணி ரசிகர்கள் தப்பான பகுதியில் கலந்துவிடக் கூடாது என்பது அங்கே உயிர்ப் பிரச்சினை. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நடந்த நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் உயிரிழந்தார்கள். அந்தத் துயரத்தை விசாரித்த டெய்லர் அறிக்கைக்குப் பிறகு, யார் எந்த இருக்கையில் உட்காருகிறார் என்பதிலிருந்து டிக்கெட் யார் விற்கலாம் என்பதுவரை எல்லாம் இறுகியது.

சரி, நடந்ததற்கு வருகிறேன். பணம் கட்டியதும் உறுதி மின்னஞ்சல் வந்தது. டிக்கெட் ஆட்டத்துக்கு 24 மணி நேரம் முன்னால் வரும் என்று அதில் இருந்தது. முந்தைய நாள் மாலைவரை ஒன்றும் வரவில்லை. கேட்டதற்கு, ‘எல்லாம் சரியாக நடக்கிறது’ என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். இரவு பத்து மணிக்கு மேல் தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: “கோப் இருக்கையை விற்பவர் கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட்டார், அதே மதிப்பில் வேறு இருக்கை தருகிறோம், நாளை மைதானம் அருகில் எங்கள் ஆள் வந்து கொடுப்பார்.” பின்வாங்க விற்பவர் யாரும் இருந்திருக்கவே மாட்டார் என்பது என் கணிப்பு. கையில் டிக்கெட் இல்லாமலேயே விற்றுப் பணத்தை வாங்கிக்கொண்டு, ஆட்டம் நெருங்கியதும் கிடைத்ததை வைத்துச் சமாளிப்பதுதான் இந்தத் தொழில்.

காலையில் மான்செஸ்டரிலிருந்து ரயில். ஒரு மணி நேரத்துக்குள் லிவர்பூல் லைம் ஸ்ட்ரீட் வந்துவிடும். அங்கிருந்து ஆட்ட நாட்களில் ஓடும் 917 பஸ். பஸ் முழுக்கச் சிவப்புச் சட்டை, பாட்டு, சிரிப்பு. பையன் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இரண்டு மணி ஆட்டத்துக்குப் பன்னிரண்டரைக்கே போய்விட்டோம்.

அந்த ஆள் கோப் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓடும் வால்டன் பிரெக் ரோட்டில், ஒரு கடை வாசலில் நிற்கச் சொன்னார். ஒன்றரை மணிக்குத்தான் வந்தார். என் போனை வாங்கி, ஏதோ ஒரு இணைப்பைத் திறந்து, இரண்டு பாஸ்களை வாலட்டில் ஏற்றினார். இரண்டிலும் வேறு வேறு ஆங்கிலேயப் பெயர். இருக்கைகள் வேறு வேறு ஸ்டாண்டில் இருந்தன. பன்னிரண்டு வயதுப் பையனை எப்படித் தனியாக உட்கார வைப்பது என்று கேட்டேன். “உள்ளே போனதும் ஊழியர்களிடம் சொன்னால் மாற்றித் தருவார்கள்” என்றார். அது பச்சைப் பொய். அங்கே அப்படி யாரும் மாற்றித் தருவதில்லை, ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் வாசலே வேறு. கூடவே ஒன்று சொன்னார்: “வாசலில் யாராவது கேட்டால் நண்பர் கொடுத்தது என்று சொல்லுங்கள், எங்கள் பெயரைச் சொல்லாதீர்கள்.” நான் மேலே எதுவும் கேட்பதற்குள் கூட்டத்தில் கலந்து போய்விட்டார்.

முதல் வாசலில் போனைக் காட்டினேன். சிவப்பு. “மாமா, பச்சை வரலையே, இன்னொரு தடவை வைங்க” என்றான். இன்னொரு தடவையும் சிவப்பு. வாசல் ஊழியர் மரியாதையாக ஓரமாகக் கூப்பிட்டு, டிக்கெட் அலுவலகத்துக்குப் போகச் சொன்னார். அங்கே வரிசையில் எங்களைப் போலவே வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் நின்றார்கள். எனக்கு முன்னால் இருந்த வயதான தம்பதிக்கு இதே கதைதான். சன்னலில் இருந்த பெண்மணி பார்த்துவிட்டுச் சொன்னார்: அந்த இரண்டு கணக்குகளும் அன்று காலையிலேயே முடக்கப்பட்டுவிட்டன. உள்ளே விட முடியாது, புதிதாக விற்க டிக்கெட்டும் இல்லை. அவர் மேல் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. பொறுமையாக விளக்கினார். நுழைவு மறுக்கப்பட்டதை எழுத்தில் தாருங்கள் என்று கேட்டதும், என் மின்னஞ்சலுக்கு இரண்டு வரி அனுப்பினார். அந்த இரண்டு வரிதான் பிறகு எங்களைக் காப்பாற்றியது.

அந்த ஆளின் எண் அணைந்துவிட்டது. தளத்தின் ‘24 மணி நேர உதவி எண்’ அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

பையன் அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. மைதானத்துக்கு வெளியே இருக்கும் ஹில்ஸ்பரோ நினைவிடத்துக்கு முன் போய் நின்று, பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தான். அங்கே நிற்கும்போதுதான் உள்ளேயிருந்து பெரிய கூச்சல், லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் 18ஆவது நிமிடத்தில் அடித்த கோல். “கோல் மாமா” என்றான், அவ்வளவுதான். லிவர்பூல் கேப்டன் வான் டைக் 89ஆவது நிமிடத்தில் தலையால் முட்டி வெற்றி கோல் அடித்து 2–1 ஆனதை ரயிலில் போனில் பார்த்தோம். பணம் போனதைவிட இந்தக் கோபம்தான் எனக்கு இன்றும் ஆறவில்லை. ஒரு குழந்தையின் நாளை வீணாக்கிவிட்டு, அடுத்த ஆளுக்கு அதே வாக்கியத்தை அனுப்பப் போய்விடுகிறார்கள்.

பணத்தைத் திரும்பக் கேட்டபோது தளம் சொன்ன பதில்: ‘டிக்கெட் உங்களிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. அதன்பின் நடந்ததற்கு நாங்கள் பொறுப்பல்ல.’ உத்தரவாதத்தின் சின்ன எழுத்துகளில் நுழைவு மறுப்புக்கு எழுத்துச் சான்று வேண்டும் என்று இருந்தது. சான்றை அனுப்பினேன். பதிலுக்கு அடுத்த ஆட்டத்துக்கான தள்ளுபடிக் கூப்பன் தருவதாகச் சொன்னார்கள். அதை ஏற்கவே கூடாது. கூப்பனை வாங்கிக்கொண்டால் விவகாரம் தீர்ந்துவிட்டது என்று வங்கியிடம் காட்டுவார்கள்.

கார்டில் கட்டியிருந்ததால் என் வங்கியில் ‘சார்ஜ்பேக்’, அதாவது கட்டிய பணத்தை விற்றவரிடமிருந்து வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது, கேட்டுப் புகார் கொடுத்தேன். பெரும்பாலான கார்டுகளில் இதற்கு 120 நாள்தான் அவகாசம், தள்ளிப்போடாதீர்கள். முதல் முறை, தளம் அனுப்பிய ‘ஒப்படைப்பு’ ஆவணத்தைப் பார்த்து வங்கி நிராகரித்தது. டிக்கெட் அலுவலகத்தின் மின்னஞ்சல், வாட்ஸ்அப் செய்திகள், முதலில் விற்ற இருக்கை வேறு, கொடுத்தது வேறு என்பதைக் காட்டும் படங்கள் எல்லாவற்றையும் வைத்து மறுபடி எழுதிய பிறகு டிக்கெட் பணம் திரும்பியது. சேவைக் கட்டணமும் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணமும் போனது போனதுதான். யூ.பி.ஐ., வங்கிப் பரிமாற்றம், கிரிப்டோ என்று கட்டியிருந்தால் இந்த வழியில் ஒரு ரூபாய்கூட வந்திருக்காது. அப்படிக் கட்டி ஏமாந்திருந்தால் உடனே 1930 என்ற இந்திய சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். பணம் கைமாறிய முதல் சில மணி நேரத்தில் புகார் போனால் முடக்கும் வாய்ப்பு அதிகம். இங்கிலாந்தில் இருக்கும் உறவினர் தங்கள் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், 100 பவுண்டுக்கு மேற்பட்ட பொருளுக்கு விற்றவரோடு கார்டு நிறுவனமும் பொறுப்பு என்று சொல்லும் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவையும் கார்டு நிறுவனத்திடம் எழுப்பிப் பார்க்கலாம்.

நேர்வழி கடினம், ஆனால் இருக்கிறது. கிளப்பின் சொந்தத் தளத்தில் மெம்பர்ஷிப் எடுத்து, குலுக்கலில் பெயர் கொடுக்க வேண்டும். பயணத்துக்குப் பல மாதம் முன்பே இதைத் தொடங்க வேண்டும். கிடைக்காமலும் போகலாம். வர முடியாத உறுப்பினர்கள் திருப்பிக் கொடுக்கும் இருக்கைகளும் கிளப் தளத்தில்தான் வரும். கையில் காசு இருந்தால் சாப்பாட்டோடு சேர்ந்த ஹாஸ்பிட்டாலிட்டி டிக்கெட்டை கிளப்பிடமே வாங்கலாம். விலை அதிகம், ஆனால் உள்ளே விடுவார்கள். வெளியூர் அணி ரசிகர் பகுதியில் ‘மலிவாக’ இருக்கை என்று யாராவது சொன்னால் தொடவே வேண்டாம். அந்த டிக்கெட்டுக்கு 30 பவுண்டு உச்சவரம்பு இருக்கிறது, அந்த அணியின் விசுவாச ரசிகர்களுக்கே போதவில்லை. ஆட்டத் தேதியும் டிவி ஒளிபரப்புக்காக சனியிலிருந்து ஞாயிறுக்கோ திங்களுக்கோ மாறும். அது உறுதியாகும்வரை ரயில் டிக்கெட் போடாதீர்கள்.

குழந்தைக்கு ஆட்டம் பார்க்கும் அனுபவம்தான் வேண்டும் என்றால் கீழ் டிவிஷன் ஆட்டங்களுக்குப் போங்கள் என்று சொல்வேன். மான்செஸ்டர் பக்கம் ஸ்டாக்போர்ட் கவுண்டி, லிவர்பூலிலிருந்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் டிரான்மியர் ரோவர்ஸ். இவர்களிடம் பெரும்பாலும் நேரடியாகவே டிக்கெட் கிடைக்கும், ஆடுகளத்துக்குப் பக்கத்திலேயே உட்காரலாம்.

வங்கிக்கு நான் இரண்டாவது முறை எழுதிய கடிதம் வேண்டுமென்றால் கேளுங்கள், சொந்த விவரங்களை நீக்கி அனுப்புகிறேன். இதே மாதிரி மாட்டியவர்கள் எந்த மாதத்தில், எந்த மைதானத்தில் என்று மட்டும் எழுதினாலும் போதும், அடுத்து போகிறவருக்கு உதவும்.