கேடிபி ப்ராம்ப்டில் எட்டு வருஷம்

லினக்ஸ் கர்னலுக்குள்ளேயே (இயங்குதளத்தின் மையத்துக்குள்ளேயே) ஒரு டீபக்கர், அதாவது ஓடுகிற கோடை நிறுத்தி உள்ளே பார்க்கிற கருவி, உட்கார்ந்திருக்கிறது என்பது டிரைவர் எழுதுகிறவர்களிலேயே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் ஒரு தடவை முயன்று பார்ப்பார்கள், போர்டு ஹேங் ஆகும், "பிரிண்ட்கே போதும்ப்பா" என்று, கர்னலுக்குள்ளிருந்து செய்தி அச்சிடுகிற அந்தப் பழைய வழிக்கே திரும்பிவிடுவார்கள். 2017-ல் நானும் அப்படித்தான் திரும்பினேன். ஆறு மாதம் கழித்து, பிரிண்ட்கே போட்டாலே காணாமல் போகிற ஒரு பக் வந்து மாட்டியபோது வேறு வழியில்லாமல் மறுபடி இதற்குள் வந்தேன். அன்றிலிருந்து இன்றுவரை வாரத்துக்கு இரண்டு நாளாவது இதன் முகத்தில் விழிக்கிறேன். நடுவில் இதன் ஓட்டைகளையும் அடைக்க வேண்டியிருந்தது. அந்த அனுபவம்தான் இது.

இதற்கு இரண்டு முகம். ஒன்று கேஜிடிபி: போர்டு ஒரு பக்கம், லேப்டாப்பில் ஜிடிபி (வழக்கமான டீபக்கர் நிரல்) மறுபக்கம், நடுவே சீரியல் கேபிள். இன்னொன்று கேடிபி: லேப்டாப்பில் ஜிடிபியே வேண்டாம், சீரியல் கன்சோலிலேயே ஒரு ப்ராம்ப்ட் வரும், அதில் கட்டளை கொடுக்கலாம். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கு கர்னல் டீபக்கர் என்றாலே ஆகாது, 2000-லேயே வெளிப்படையாகச் சொன்னவர். அதையும் மீறி கேஜிடிபி 2008-ல் 2.6.26 கர்னலிலும், கேடிபி 2010-ல் 2.6.35-லும் உள்ளே வந்து சேர்ந்தன. அதற்கு முன்பு வெளியே தனி பேட்சாக (கோடில் ஒட்டவைக்கிற மாற்றமாக) வருஷக்கணக்கில் அலைந்தவை இரண்டும்.

ஒரே ஒரு விஷயம் மண்டையில் ஏறிவிட்டால் இதன் பக் எல்லாம் புரிந்துவிடும். கேடிபிக்குள் நுழைந்ததும் ஒரு சிபியு மட்டும்தான் ஓடும். மற்ற எல்லாம் இருந்த இடத்திலேயே உறைந்து நிற்கும். இன்டரப்ட் (சிபியுவைக் கூப்பிடுகிற ஹார்ட்வேர் சிக்னல்) கிடையாது, ஷெட்யூலர் (எந்த வேலை எப்போது ஓடும் என்று முடிவு செய்வது) கிடையாது. உறைந்த சிபியு கையில் ஒரு லாக் (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தொட வேண்டிய இடத்துக்கான பூட்டு) வைத்திருந்தால், வைத்திருந்ததுதான். நீங்கள் 'கோ' (தொடர்ந்து ஓடு) கொடுக்கிறவரை அது திரும்பி வராது. உட்கார்ந்திருக்கிற கிளையையே வெட்டுகிற வேலை இது. எந்த கர்னல் கோளாறில் இருக்கிறதோ அதே கர்னலின் கோடைத்தான் டீபக்கரும் நம்பி ஓட வேண்டும்.

எனக்கு மாட்டிய முதல் பக் இதே ரகம். நாங்கள் வைத்திருந்த ஆர்ம்64 போர்டின் சீரியல் டிரைவர் சிப் கம்பெனி கொடுத்தது. பெயர் வேண்டாம். கேடிபி வேலை செய்ய டிரைவரில் இரண்டு ஃபங்ஷன் வேண்டும். இன்டரப்ட் இல்லாமல் ஒரு எழுத்தை வாங்க ஒன்று, ஒரு எழுத்தை அனுப்ப இன்னொன்று. இரண்டுமே அதில் இருந்தன. ஆனாலும் ஐந்து தடவை நுழைந்தால் ஒரு தடவை ப்ராம்ப்டே வராது. கேபிளை மாற்றினேன், பாட் ரேட்டைக் குறைத்தேன், கன்சோலைக் காட்டுகிற டெர்மினல் மென்பொருளான மினிகாமைத் திட்டினேன். கடைசியில் டிரைவரைத் திறந்து பார்த்தால், எழுத்து அனுப்புகிற ஃபங்ஷன் போர்ட்டின் ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டுதான் அனுப்புகிறது. சாதாரண நேரத்தில் அதில் தப்பில்லை. ஆனால் இன்னொரு சிபியு கன்சோலில் எதையோ எழுதிக்கொண்டிருக்கும்போது நான் நிறுத்திவிட்டால், லாக் அதன் கையில். டீபக்கர் அந்த லாக்குக்காகக் காத்திருக்கும், உறைந்த சிபியு டீபக்கருக்காகக் காத்திருக்கும். கதை முடிந்தது.

லாக்கை எடுத்துவிட்டேன். அடுத்த நாளே இன்னொன்று: எழுத்து வாங்குகிற ஃபங்ஷன், எழுத்து வருகிறவரை லூப்பில் நின்றுகொண்டே இருந்தது. எழுத்து இல்லையென்றால் 'இல்லை' என்று உடனே திரும்ப வேண்டும் என்பதுதான் ஒப்பந்தம். ஏனென்றால் கேடிபி சீரியலை மட்டும் பார்ப்பதில்லை, கீபோர்டு இருந்தால் அதையும் மாறி மாறிப் பார்க்கும். ஒருத்தர் வாசலை மறித்துக்கொண்டு நின்றால் மற்றவர் உள்ளே வர முடியாது. மொத்தம் பதினோரு வரி மாற்றம். கண்டுபிடிக்க மூன்று வாரம்.

இந்த மூன்று வாரம் ஏன் ஆனது என்று கேட்பீர்கள். டீபக்கரை எதை வைத்து டீபக் செய்வது? பிரிண்ட்கே போட்டால் அதுவும் அதே சீரியல் வழியாகத்தான் வர வேண்டும். போர்டில் ஒரு எல்ஈடி இருந்தது. ஃபங்ஷனுக்குள் நுழைந்தால் எரி, வெளியே வந்தால் அணை என்று ஜிபிஐஓவில் (சிப்பின் பொதுப் பின்னில்) நேராக எழுதி, விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எரிந்தது, அணையவில்லை. அப்படித்தான் இடம் தெரிந்தது. இப்போது இதே வேலை வந்தால் முதலில் க்யூஎமு என்கிற போலி மெஷினில்தான் ஓட்டுவேன். க்யூஎமுவே வெளியிலிருந்து 1234-ஆம் போர்ட்டில் ஒரு ஜிடிபி இணைப்பு தரும், அது கர்னலின் தயவில் இல்லை. உள்ளே கேஜிடிபி, வெளியே அதைக் கவனிக்கிற இன்னொரு ஜிடிபி. எந்த விண்டோவில் எந்த ஜிடிபி என்று குழம்பாமல் இருக்க ஒன்றுக்குப் பின்னணி நிறத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது வாட்ச்டாக், குறித்த நேரத்துக்குள் யாரும் தட்டிக்கொடுக்காவிட்டால் மெஷினை ரீசெட் செய்கிற டைமர். இதை இன்னும் நினைத்தாலே வயிறு எரியும். நெட்வொர்க் டிரைவரில் ஒரு பக், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவைதான் தலைகாட்டும். பேனிக் ஆனால், அதாவது கர்னல் மேலே ஓட முடியாமல் கைவிட்டால், நேராக கேடிபிக்குள் வரும்படி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ப்ராம்ப்ட் வந்து நிற்கிறது. பக்கத்து சீட் தம்பி எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, போர்டு ஹேங் ஆயிடுச்சு. ரீசெட் பண்ணட்டுமா?"

"கை வச்சே, கொன்னுடுவேன். அது ஹேங் இல்ல, நின்னுக்கிட்டிருக்கு."

சொல்லி வாய் மூடவில்லை, திரையில் பூட்லோடர் ஓட ஆரம்பித்தது. தம்பி தொடவே இல்லை, ஹார்ட்வேர் வாட்ச்டாக் தொட்டுவிட்டது. கேடிபியில் நிற்கும்போது சிபியு சிக்கிவிட்டதா என்று பார்க்கிற சாஃப்ட்லாக்கப் கண்காணிப்பையும் ஆர்சியு ஸ்டால் கணக்கையும் கர்னலே சமாதானப்படுத்தி வைக்கும். சிப்புக்குள் தனியாக ஓடுகிற வாட்ச்டாக்குக்கு அதெல்லாம் தெரியாது. முப்பது நொடி யாரும் தட்டிக்கொடுக்கவில்லையா, ரீசெட். மூன்று வாரக் காத்திருப்பு போயிற்று. டீபக்கர் நுழைவதற்கு முன்பும் வெளியேறிய பின்பும் கூப்பிட கேஜிடிபியில் ஏற்கெனவே இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் வாட்ச்டாக்கை நிறுத்தவும் மறுபடி ஓட்டவும் நாலு வரி எழுதி எங்கள் கர்னல் நகலில் மட்டும் வைத்திருக்கிறேன்.

இனி கர்சர் கதை. கேடிபியில் டேப் அடித்தால் சிம்பல் (ஃபங்ஷன், மாறிகளின்) பெயரை நிரப்பிக்கொடுக்கும். வரியின் கடைசியில் அடித்தால் சரியாக வரும். நடுவில் அடித்தால்? மெமரியைப் பார்க்கிற 'எம்டி' கட்டளை, பிறகு பாதிப் பெயர், பிறகு 10 என்று ஒரு எண். கர்சரைப் பின்னால் கொண்டுபோய் பாதிப் பெயரின் முடிவில் வைத்து டேப் அடித்தால், பெயர் நிரம்பும், ஆனால் கர்சர் போய் 10-க்கு அப்புறம் நிற்கும். அதற்குமேல் அம்புக்குறியை அழுத்தினால் வரி முழுக்கக் குப்பை. இதை ஆறு வருஷமாகப் பார்த்திருக்கிறேன். டெர்மினல் கோளாறு என்று நினைத்து மினிகாமிலிருந்து பிகோகாம் என்ற இன்னொரு டெர்மினலுக்கு மாறியதே இதனால்தான்.

2024-ல் கேஜிடிபி மெயின்டெய்னர் டேனியல் தாம்ப்சன் இதற்கு ஒரு பேட்ச் வரிசை அனுப்பினார். படித்தபோது எனக்கு வேர்த்துவிட்டது. கர்சர் தப்பாக நிற்பது வெறும் மேல்பூச்சு. அதே ஃபங்ஷனில், நிரப்பிய பெயரை கட்டளை பஃபருக்குள் (அடித்த வரியை வைத்திருக்கிற மெமரிக்குள்) எஸ்டிஆர்என்காப்பி என்ற நகல் ஃபங்ஷன் வைத்து நகலெடுக்கிறார்கள். அதற்கு எத்தனை எழுத்து என்று ஒரு வரம்பு கொடுக்க வேண்டும். கொடுத்தது போய்ச் சேரும் இடத்தின் அளவு அல்ல, எடுத்துப் போகிற சரக்கின் அளவு. சரக்கின் அளவையே வரம்பாகக் கொடுத்தால் அது எங்கே வரம்பு? கட்டளை பஃபர் 200 எழுத்து. அது நிரம்பி, கர்சர் நடுவில் இருக்கும்போது டேப் அடித்தால் பஃபரைத் தாண்டி எழுதும். பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ 2024-39480 என்று எண்ணும் வாங்கியது. சரிசெய்தது எளிமைதான்: இடம் இருக்கிறதா என்று முதலில் பார், இருந்தால் பின்னால் இருப்பதை மெம்மூவ் (மெமரியை நகர்த்தும் ஃபங்ஷன்) வைத்துத் தள்ளு, நடுவில் செருகு. ஆறு வருஷம் அந்த ஃபங்ஷனைத் திறந்து பார்க்காமல் டெர்மினலை மாற்றிக்கொண்டிருந்த ஆள் நான்.

பாதுகாப்பு என்று பேச்சு வந்ததால்: லாக்டவுன் (கர்னலை மாற்றவோ உள்ளே எட்டிப் பார்க்கவோ விடாத கட்டுப்பாடு) போட்டிருக்கிற மெஷினில்கூட 2022 வரை கேடிபி வழியாக மெமரியைப் படிக்கலாம், எழுதலாம். சீரியல் கையில் இருந்தால் போதும். சிவிஇ 2022-21499 வந்த பிறகுதான் அது மூடப்பட்டது. விற்பனைக்குப் போகிற போர்டில் இதை இயக்கி வைக்காதீர்கள், சிலர் வைத்திருப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு இன்ஸ்ட்ரக்ஷனாக ஓட்டிப் பார்க்கிற சிங்கிள் ஸ்டெப் பற்றி மட்டும் எனக்கு நல்ல வார்த்தையே வராது. எக்ஸ்86-ல் பரவாயில்லை. ஆர்ம்64-ல் பழைய கர்னலில் அதற்கான 'எஸ்எஸ்' கட்டளை கொடுத்தால் அதே முகவரி. மறுபடி கொடுத்தால் மறுபடி அதே முகவரி. பிராசசர் நிலையில் ஸ்டெப்புக்கென்று ஒரு பிட் உண்டு, அதை ஒவ்வொரு தடவையும் 1 ஆக்கி அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் ஒரு இன்ஸ்ட்ரக்ஷன்கூட ஓடாமல் உடனே மறுபடி டீபக்கருக்கே வந்துவிடும். அதைச் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் நாம் நிறுத்தி வைத்திருந்த நேரத்தில் டைமர் இன்டரப்ட் ஒன்று வாசலில் வந்து நிற்குமே, ஸ்டெப் கொடுத்ததும் நம் இன்ஸ்ட்ரக்ஷனுக்கு முன்னால் அது உள்ளே நுழைந்துவிடும். நம் ஃபங்ஷனில் அடுத்த வரிக்குப் போக நினைத்தால் இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள் நிற்போம். நான் ஸ்டெப் செய்வதையே விட்டுவிட்டேன். வேண்டிய இடத்தில் இன்னொரு பிரேக்பாயிண்ட் (இங்கே வந்தால் நில் என்கிற குறி) வைத்து 'கோ' கொடுக்கிறேன்.

பிரேக்பாயிண்டையும் கண்ட இடத்தில் வைக்கக் கூடாது. டீபக்கரே கூப்பிடுகிற ஃபங்ஷனில் வைத்தால், நிற்க வேண்டியவனே நிற்க வைக்கப் போய் மறுபடி நிற்பான், மறுபடி மறுபடி. 2020-ல் இதற்கு ஒரு கன்ஃபிக் (கர்னலைக் கட்டும்போது கொடுக்கிற தேர்வு) வந்தது. கேப்ரோபுக்கு (ஓடுகிற கர்னலில் கண்காணிப்புப் புள்ளி வைக்கிற இன்னொரு கருவிக்கு) ஆகாது என்று பட்டியலிட்ட இடங்களில் கேஜிடிபியும் பிரேக்பாயிண்ட் வைக்க மறுத்துவிடும். தானாகவே இயங்கும்படிதான் வருகிறது, அணைக்காதீர்கள்.

இவ்வளவு திட்டியும் ஏன் வைத்திருக்கிறேன்? எல்லா சிபியுவின் பேக்ட்ரேஸையும் (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டு இங்கே வந்தது என்ற பட்டியலையும்) ஒரே மூச்சில் காட்டுகிற 'பிடிசி' கட்டளை. ஒருவருக்காக ஒருவர் காத்து நிற்கிற டெட்லாக்கைப் பிடிக்க இதைவிட வேறு வேண்டாம். யார் எந்த லாக்கில் நிற்கிறார்கள் என்று அரை நிமிஷத்தில் தெரிந்துவிடும். அதிலும் ஒரு குறை இருந்தது. மற்ற சிபியுக்களை நிறுத்த டீபக்கர் ஒரு இன்டரப்ட் அனுப்பும். எந்த சிபியு இன்டரப்ட்டை மூடிக்கொண்டு சிக்கி நிற்கிறதோ, நமக்கு அதுதான் வேண்டும், அதுதான் வராது. ஒரு நொடி பார்த்துவிட்டு, மற்ற சிபியுக்கள் வரவில்லை என்று ஒரு செய்தி போட்டுவிட்டுப் போய்விடும். ஆர்ம்64-ல் 6.7 கர்னலிலிருந்து இதற்குப் போலி என்எம்ஐ (சாதாரணமாக மூட முடியாத இன்டரப்ட் போல நடந்துகொள்வது) பயன்படுத்த வழி செய்துவிட்டார்கள். ஜிஐசி வி3 என்ற இன்டரப்ட் கட்டுப்படுத்தி இருக்க வேண்டும், பூட் வரியில் அதை இயக்கவும் வேண்டும். அந்த மாற்றத்துக்கு முன்னும் பின்னும் இது இரண்டு வேறு கருவி என்றே சொல்வேன்.

புதிதாக வருகிறவர்கள் ஒரு இடத்தில் கட்டாயம் மாட்டுவார்கள்: கேடிபியிலிருந்து கேஜிடிபிக்கு மாறிவிட்டு, ஜிடிபி இணையாமல், திரும்பி வரவும் தெரியாமல் முழிப்பது. கன்சோலில் $3#33 என்று அடியுங்கள். மந்திரம் இல்லை. ஜிடிபியின் பாக்கெட் டாலரில் தொடங்கும், பிறகு செய்தி, பிறகு ஹேஷ், பிறகு செய்தியின் எழுத்துகளைக் கூட்டிய செக்சம் இரண்டு ஹெக்ஸ் இலக்கத்தில். இங்கே செய்தி '3' என்ற ஒற்றை எழுத்து, ஆஸ்கியில் அதன் மதிப்பு ஹெக்ஸில் 33. கையாலேயே ஒரு பாக்கெட் செய்து அனுப்புகிறீர்கள், அவ்வளவுதான். இதைக் கற்றுக்கொள்வதற்கு முன்பு எத்தனை தடவை பவரைப் பிடுங்கியிருப்பேன் என்று கணக்கில்லை.

ஒவ்வொரு பூட்டிலும் கர்னலை வேறு முகவரியில் வைக்கிற கேஏஎஸ்எல்ஆரை அணைக்காமல் ஜிடிபியை இணைத்து, முகவரி பொருந்தவில்லை என்று புலம்புகிறவர்களுக்கு நான் பதில் சொல்வதையே விட்டுவிட்டேன்.

போன வாரம் புது போர்டு வந்தது, இந்த தடவை ரிஸ்க்-ஃபைவ். டப்பாவைப் பிரித்து பவர் கொடுப்பதற்கு முன்பே அதன் சீரியல் டிரைவரைத் திறந்து, இன்டரப்ட் இல்லாத அந்த இரண்டு ஃபங்ஷனுக்காக 'போல்' (poll) என்று தேடிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. தம்பியிடம் எல்ஈடி எந்தப் பின்னில் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.