டர்பன் கடற்கரைப் பாதையா, பாலிட்டோ கரும்புக்காடா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் புறநகரில் இருக்கும் என் உறவுக்காரர்கள் சைக்கிள் வாங்கியதும், எங்கே ஓட்டலாம் என்று எல்லாரும் கேட்பது இதைத்தான்.

செலவு: கடற்கரை இலவசம். டர்பனுக்கு வடக்கே உள்ள பாலிட்டோ ஊரின் பக்கத்தில், கரும்புக்காட்டு சைக்கிள் பாதைகளான ஹோலா டிரெயில்ஸில் கட்டணம் உண்டு.

தரை: கடற்கரையில் தளம் போட்ட சமதளம், மெல்லிய டயரே போதும். காற்று அள்ளிப்போட்ட மணலில் மட்டும் வழுக்கும்.
கரும்புக்காட்டில் மண்பாதை, புடைப்புகள் உள்ள அகலமான டயர் வேண்டும். கோடை மழைக்கு மறுநாள் ஒரு பிடி மண்ணை உருட்டிப் பாருங்கள். உருண்டை உடையாமல் நின்றால் திரும்பிவிடுங்கள். ஈரத்தில் பதிந்த தடம் காய்ந்து பள்ளமாகி, பின்னால் வருபவரைக் கவிழ்த்துவிடும். 1860 முதல் நம்மவர்கள் கரும்புக்குப் பாடுபட்ட மண், இந்த நேட்டால் பகுதி. அதைக் கிழிக்க எனக்கு மனம் வராது.

பராமரிப்பு: உப்புக்காற்றில் சங்கிலி துருப்பிடிக்கும், துடைத்து எண்ணெய் விடுங்கள். காட்டில் சேறுதான்.

பிள்ளைகளோடு என்றால் விடிகாலைக் கடற்கரை. மேடு ஏறிப் பழகியவர்களுக்கு, காய்ந்த நாளில், கரும்புக்காடு.