ஆம்ப்பில் வாசிக்காத நோட்டு கேட்கிறதா? ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் படியுங்கள்

வால்வு ஆம்ப் (கண்ணாடிக் குழாய் வால்வுகளால் கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி, டியூப் ஆம்ப் என்றும் சொல்வார்கள்) வைத்திருக்கும் கிட்டார் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னையில் ஒரு ரிப்பேர் கடையில் எனக்கு நான்கு மாதமும் 31,000 ரூபாயும் போயின. கடையின் பெயரை இங்கே போடவில்லை. எப்படி ஏமாந்தேன் என்பது தெரிந்தால் போதும், நீங்கள் தப்பித்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பிய நண்பரிடம் வாங்கிய ஆம்ப் அது. இரண்டு 6வி6 வால்வு, 22 வாட், வயது இருபதுக்கு மேல். 120 வோல்ட் மாடல் என்பதால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரில் ஓட்டுகிறேன். மெதுவாக வாசித்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. வால்யூமை ஆறுக்கு மேல் ஏற்றி, முதல் கம்பியில் பன்னிரண்டாம் ஃப்ரெட்டை வாசித்தால், அந்த நோட்டுக்கு அடியில் இன்னொரு நோட்டு முனகும். நான் தொடவே தொடாத நோட்டு. ஒரு ஃப்ரெட் மேலே போனால் அதுவும் நகரும், ஆனால் ஸ்கேலில் எங்கேயும் உட்காராது. இதைத்தான் கோஸ்ட் நோட் என்கிறார்கள். கம்பியை லேசாக அமுக்கி 'டக்' என்று தாளத்துக்காக வாசிக்கிறோமே, அந்த கோஸ்ட் நோட் வேறு.

கடைக்காரர் ஆம்ப்பை ஆன் செய்து, கிட்டாரைச் செருகாமலேயே ஒரு நிமிடம் காது கொடுத்தார். "ஹம் எதுவும் வரலையே தம்பி. கண்டன்சர் எல்லாம் நல்லா இருக்கு. வால்வுதான் போச்சு." ஹம் என்றால் மின்சாரத்தின் 'ம்ம்ம்' என்ற இரைச்சல். எல்லா வால்வையும் மாற்றி 13,500 ரூபாய் வாங்கினார். பில்லில் "பவர் சப்ளை பார்த்தாச்சு" என்றும் எழுதியிருந்தார். வீட்டுக்கு வந்து வாசித்தால் அதே முனகல். திரும்பப் போனேன். ஸ்பீக்கரின் கோன், அதாவது அதிரும் காகிதக் கூம்பு, தானே அழுவதுபோல் சத்தம் போடுகிறது என்றார். புது ஸ்பீக்கருக்கு 17,500. அப்புறமும் அதே முனகல். மூன்றாம் முறை போனபோது, "டியூப் ஆம்ப்னா இப்படித்தான் தம்பி இருக்கும்" என்று முடித்துவிட்டார். பழைய வால்வுகளைக் கேட்டேன், குப்பையில் போட்டாச்சு என்றார். அவற்றில் ஒன்றுகூடக் கெட்டிருக்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன். அதுதான் இன்னும் வலிக்கிறது.

அதற்குப் பிறகுதான் நானே உட்கார்ந்து பார்த்தேன். ஒலியில் எந்தெந்த ஹெர்ட்ஸ் இருக்கிறது என்று படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரம் ஆப் ஒன்றை மொபைலில் இலவசமாகப் போட்டு அதே நோட்டை வாசித்தேன். பன்னிரண்டாம் ஃப்ரெட் ஈ நோட்டு 659 ஹெர்ட்ஸ். அது பெரிய முள்ளாக நின்றது. அதன் இரு பக்கமும் 559-இலும் 759-இலும் சின்ன முட்கள். இரண்டுக்குமே இடைவெளி சரியாக 100. அந்த 100-ஐப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ரெக்டிஃபயர் அதன் இரு பாதியையும் ஒரே பக்கம் திருப்புவதால் 100 ஹெர்ட்ஸ் அலையாகிறது. அந்த அலையைச் சமன் செய்து நேர் மின்சாரமாக்குவது ஃபில்டர் கண்டன்சர்களின் வேலை. அவை வயதாகி வற்றிப்போனால் அலை மிச்சமிருக்கும். ஆம்ப்பைத் தள்ளி வாசிக்கும்போது வால்வுகள் அதிகக் கரண்டை இழுக்கும், அலை இன்னும் பெரிதாகும், கிட்டார் நோட்டின் மேல் ஏறிக்கொள்ளும். அப்போது கூட்டலாக ஒரு நோட்டும் கழித்தலாக ஒரு நோட்டும் பிறக்கும். எந்த நோட்டை வாசித்தாலும் அதே 100 தள்ளித்தான் நிற்கும் என்பதால் எந்த ராகத்தோடும் சேராது.

சரி, அப்படியானால் சும்மா இருக்கும்போது ஏன் ஹம் இல்லை? இதைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். என்னுடையதைப் போல இரண்டு வால்வுகள் எதிரெதிராகத் தள்ளி இழுக்கும் புஷ்புல் ஆம்ப்பில், சப்ளையிலிருந்து வரும் அலை அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் பெரும்பாலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஹம் இல்லை என்பதை வைத்துக் கண்டன்சர் நல்லது என்று சொல்லவே முடியாது. 60 ஹெர்ட்ஸ் நாட்டு ஆம்ப் இங்கே வந்தால் நிலைமை இன்னும் மோசம். ஸ்டெப் டவுன் வோல்டேஜைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. அங்கே 8.3 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை நிரம்பிய கண்டன்சர் இங்கே 10 மில்லிசெகண்ட் தாக்குப்பிடிக்க வேண்டும்.

பழைய வால்வு ரேடியோ பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். என் ஆம்ப்பில் அந்தக் கண்டன்சர்கள் சேசிஸின் (உள்ளிருக்கும் உலோகச் சட்டத்தின்) மேல் ஒரு தகர மூடிக்குள் இருக்கின்றன. மூடியின் திருகுகள் துருவேறி ஒட்டிக்கிடந்தன, தூசிகூடக் கலையவில்லை. பவர் சப்ளையைப் பார்த்ததாகப் பில் போட்டவர் அந்த மூடியைத் திறக்கவே இல்லை! உள்ளே ஐந்தும் ஆம்ப் செய்தபோது போட்டவை, இரண்டின் முனையில் வெள்ளையாகக் கசிவு. 16 மைக்ரோஃபாரட் (கண்டன்சரின் கொள்ளளவு) இருந்த இடத்தில் 500 வோல்ட் தாங்கும் 22 மைக்ரோஃபாரட் போட்டார். அதற்கு மேல் பெரிதாகப் போடக் கேட்டேன், மறுத்துவிட்டார். ஜிஇசட்34 ரெக்டிஃபயர் வால்வுக்கு முதல் கண்டன்சர் 60 மைக்ரோஃபாரட்டைத் தாண்டக் கூடாதாம். கூலியோடு 2,800 ரூபாய். 559-உம் 759-உம் காணாமல் போய்விட்டன.

எல்லா முனகலுக்கும் கண்டன்சர்தான் காரணம் என்று சொல்லவில்லை. ஸ்பீக்கர் கோனும் இப்படி அழும், கெட்ட வால்வும் செய்யும். சில பழைய டிசைன்களில் கண்டன்சரே சின்னது, புதிதிலேயே கேட்கும். ஆனால் பணம் கொடுக்கும் முன் ஆம்ப்பை நண்பரின் ஸ்பீக்கர் கேபினட்டில் மாட்டிப் பாருங்கள், இம்பீடன்ஸ் (ஸ்பீக்கரில் எழுதியிருக்கும் ஓம் அளவு) ஒத்திருக்க வேண்டும். அங்கேயும் கேட்டால் ஸ்பீக்கர் குற்றவாளி இல்லை. பத்து நிமிட வேலை. என் கடைக்காரர் அதைச் செய்திருந்தால் 17,500 மிச்சம். கழற்றும் பொருள் ஒவ்வொன்றும் திரும்ப வேண்டும் என்று கொடுக்கும்போதே எழுதி வாங்குங்கள். நீங்களே மூடியைத் திறந்துவிட வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம், உயிருக்கே ஆபத்து.

பில்லும், துருப்பிடித்த திருகுகளின் போட்டோவும், இரண்டு ஸ்பெக்ட்ரம் படங்களும் என்னிடம் இருக்கின்றன. அடுத்த வாரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கிறேன்.